வலைப்பந்தா, நீச்சலா, சிலம்பமா, லம்பாக் மலையா?

நான்காம், ஐந்தாம் படிவ மாணவியருக்கும் ஆறாம் படிவத்தாருக்கும் இந்த ஆண்டு முறையான உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்குவது என்று ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் எங்கள் பெண்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்திருக்கிறது. கையில் இருக்கும் பணம் ஒரு நடவடிக்கைக்குத்தான் போதும். நேரமும் வாரத்தில் ஒரு பிற்பகல், மாதத்தில் ஒரு விடுமுறை நாள் காலை, அவ்வளவுதான். செயற்குழுக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன: வலைப்பந்து, நீச்சல், சிலம்பம், குனோங் லம்பாக் மலையேற்றம். வாக்கெடுப்புக்கு முன் பெற்றோர் அனைவரும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக என் கருத்தை விரிவாக எழுதுகிறேன். நான் மலையின் பக்கம். அதற்கான காரணங்களையும், அந்தத் தேர்வில் எனக்கே இருக்கும் தயக்கங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் இருப்பவர்கள் ஒரு பகுதி. ரெங்கம், பாலோ, காஹாங் சாலைகளில் உள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வேன் ஏறி வருபவர்கள் இன்னொரு பகுதி. தோட்டத்துப் பிள்ளை விடியும் முன்பே எழுந்து, இருட்டில் வேனுக்கு நிற்கிறாள். பள்ளி முடிந்து அதே வேனைத் தவறவிட்டால் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போக வேண்டும். அவர் வேலையிலிருந்து வர முடியாத நாளாக இருந்தால் அவள் கதி அதோகதிதான். எந்த நடவடிக்கையை எடுத்தாலும் அது வேன் நேரத்துக்குள் முடிகிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். நல்ல திட்டங்கள் பல தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போனது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூத்த மாணவியருக்கு ஏன் தனியாக ஒரு திட்டம் என்று சிலர் கேட்டார்கள். முதல் மூன்று படிவங்களில் பிள்ளைகள் எப்படியும் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான்காம் படிவத்துக்குப் பிறகுதான் உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்க நெருங்க மாலையில் டியூஷன், இரவில் பயிற்சித்தாள். உடற்கல்விப் பாட வேளையில் கணிதம் நடப்பது எந்த ஊர்ப் பள்ளிக்கும் புதிதல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓரளவு கடுமையான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதில் வாரம் 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சி இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை; ஆண் பிள்ளைகளில் அது 78 விழுக்காடு. பெண்ணின் எலும்பு தன் உச்ச அடர்த்தியில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது 18 வயதுக்குள். இப்போது சேர்க்காததை நாற்பது வயதில் மாத்திரையால் ஈடுகட்டுவது கடினம். நம் தாய்மார்களில் எத்தனை பேர் மூட்டு வலியோடும் இடுப்பு வலியோடும் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

வலைப்பந்துக்குத்தான் ஆதரவு அதிகம். இந்த நாட்டில் பெண்கள் பள்ளி என்றாலே வலைப்பந்து. தார் போட்ட தளம் ஏற்கெனவே இருக்கிறது, கம்பம் இருக்கிறது, ஆசிரியைகளுக்கு விதிகள் தெரியும். மாவட்ட அளவில் ஆடினால் புறப்பாட நடவடிக்கைப் புள்ளியும் கிடைக்கும். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அந்தப் புள்ளிக்கு 10 விழுக்காடு இருக்கிறது என்பதைப் பெற்றோர் நன்றாக அறிவார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அணிக்கு 7 பேர். வகுப்பில் 30 பேர் இருந்தால், இருக்கும் ஒரே தளத்தில் 14 பேர் ஆட, 16 பேர் ஓரத்தில் நிற்பார்கள். அந்த 16 பேர் யார் என்பதும் நமக்குத் தெரியும். உடல் பருத்தவள், கண்ணாடி போட்டவள், வெட்கப்படுபவள், போன வாரம் பந்தைத் தவறவிட்டுத் தோழிகளிடம் பேச்சு வாங்கியவள். அணியில் ஆடும் பிள்ளைக்குப் பயிற்சி தேவையில்லை என்று சொல்லவில்லை; அவளுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது. சங்கத்தின் பணம் ஓரத்தில் நிற்பவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் வாதம். பேராக், தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கெடாவிலிருந்து வந்த சிவசங்கரி ஸ்குவாஷில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றிருக்கிறார். அவர்களைப் பார்த்து நம் நெஞ்சு நிமிர்வது நியாயம். அப்படி ஒருத்தி நம் பள்ளியில் இருந்தால் அவளை வளர்க்க மாவட்ட விளையாட்டு மன்றம் இருக்கிறது. மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வலைப்பந்தில் இன்னொரு கவலையும் உண்டு. பந்தைப் பிடித்ததும் ஓடிவந்த வேகத்தில் சட்டென்று நிற்க வேண்டும். அது அந்த விளையாட்டின் விதி. முழங்காலின் உள்ளே குறுக்காக இருக்கும் தசைநார் அறுந்துபோவது இப்படி நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம். முன்கூட்டியே தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்த்தால் ஆபத்து குறையும். அந்த வலு சேர்க்கும் வேலை நம் பிள்ளைகளுக்கு நடக்கவில்லை.

சிலம்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. கம்பு மலிவு, மழை பெய்தாலும் மண்டபத்துக்குள் நடத்தலாம், தோளும் மணிக்கட்டும் கால் வைப்பும் ஒருசேரத் தேறும். நம் தாத்தாக்கள் தோட்டத் திடலில் சுற்றிய கம்பைப் பேத்தி பள்ளியில் சுற்றுவது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! சீன, மலாய்ப் பிள்ளைகளும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன். சிக்கல், ஆசான்தான். வாரந்தோறும் தவறாமல் வரக்கூடியவராகவும், பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்து பழகியவராகவும் ஒருவர் கிடைக்க வேண்டும். அவர் ஒரு மாதம் வராவிட்டால் திட்டமே நின்றுவிடும். ஆகையால் இதை முதன்மையாக வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. கபடியையும் ஒரு தந்தை சொன்னார். பெண்களுக்கான களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர்தான் என்பதால் இடம் பிரச்சினை இல்லை, மெத்தை விலைதான் பிரச்சினை. வெறும் சிமெண்டில் பிள்ளைகளை விழவைக்க முடியாது.

நீச்சல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்த யோசனை. இந்த நான்கில் உயிரைக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றே. ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஆற்றிலும் அருவியிலும் பழைய ஈயக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருகிறது. நாமும் பண்டிகை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெலுமுட் மலை அடிவாரத்து நீரோடைக்குத்தான் போகிறோம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிறார்கள். கரையில் இருக்கும் பெரியவர்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இருப்பதில்லை. நீச்சலை முன்மொழிந்த அம்மாவிடம் நான் எதிர்வாதம் செய்யவில்லை. அவர் சொன்னது முழு உண்மை.

இருந்தும் இந்த ஆண்டுக்கு அதை நான் தள்ளிவைக்கச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பொது நீச்சல்குளத்துக்குப் போக பஸ் வேண்டும். போய் உடை மாற்றி, நீந்தி, குளித்து, தலை துவட்டித் திரும்புவதற்குள் வேன் போய்விடும். பெண்களுக்கு மட்டுமான நேரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெண் பயிற்றுநர் வேண்டும். முஸ்லிம் மாணவியருக்கு உடல் முழுதும் மூடும் நீச்சலுடை வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேரும் அதைத்தான் விரும்புவார்கள், அதன் விலை குறைவில்லை. ஒரே நேரத்தில் 30 பேரைத் தண்ணீரில் இறக்கினால் கண்காணிக்க எத்தனை பேர் வேண்டும்? ஆழமில்லாத பக்கத்தில் சிறு குழுவாக, தொடர்ந்து வாராவாரம் கற்பித்தால்தான் நீச்சல் வரும். மாதம் ஒரு முறை குளத்துக்கு அழைத்துப் போவது உல்லாசப் பயணமாகிவிடும். பிள்ளை நீந்தக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும் ஆபத்தும் சேரும். இன்னொன்று: தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்வதால், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீச்சல் மிகச் சிறந்தது என்றாலும் எலும்புக்கு அது தரும் பலன் குறைவு. நீச்சலுக்கென்று தனி நிதி இன்றே தொடங்கி, அடுத்த ஆண்டு சிறு குழுக்களாக ஆரம்பிக்க வேண்டும் என்று தனித் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். அதற்கும் உங்கள் ஆதரவைக் கேட்கிறேன்.

இனி மலை. குனோங் லம்பாக் 510 மீட்டர் உயரம். பட்டணத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. நாள்தோறும் விடியற்காலையில் ஊர் மக்கள் ஏறி இறங்கும் மலை. நடைப் பழக்கம் இல்லாதவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்ப ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான இடங்கள் இருக்கின்றன, ஆனால் கயிறு கட்டி ஏறும் பாறை வித்தை ஒன்றும் தேவையில்லை. 1,010 மீட்டர் உயரமுள்ள பெலுமுட்டை நான் சொல்லவே இல்லை. அதற்கு வனத்துறை அனுமதி, வழிகாட்டி எனப் பெரிய ஏற்பாடுகள் வேண்டும்.

மலையில் 30 பேர் போனால் 30 பேரும் நடக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவர் இல்லை. வேகமாக ஏறுபவள் மேலே போய்க் காத்திருக்கலாம். மெதுவாக ஏறுபவளைத் தோற்றவள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பள்ளியை விட்டுப் போன பிறகு ஒரு பெண் வலைப்பந்து ஆட இன்னும் 13 பேரைத் தேட வேண்டும். நடக்க அவளுக்கு ஒரு தோழி போதும். அவள் நாளை ஜொகூர் பாருவில் வேலை பார்த்தாலும் கோலாலம்பூரில் படித்தாலும் பக்கத்தில் ஒரு குன்று இருக்கும்.

"வெயிலில் போட்டுப் பிள்ளையைக் கறுக்கவைக்கிறீர்கள்" என்று அம்மாக்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. கறுப்பைக் குறையாக நினைப்பதே தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் அந்தக் கவலை உள்ளவர்களுக்கும் ஒரு செய்தி: வலைப்பந்துத் தளம் திறந்தவெளித் தார், லம்பாக் பாதை பெரும்பாலும் மர நிழல்.

செலவிலும் மலைதான் எளிது. காலணி என்றதும் விலையுயர்ந்த மலையேற்றச் செருப்புகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, இன்று 'அடிடாஸ் கம்போங்' என்று இளைஞர்கள் செல்லமாக அழைப்பது, பட்டணத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. சேற்றிலும் ஈர வேரிலும் அது பிடிப்பதுபோல் பிடிக்கும் காலணி குறைவு. மலை ஓட்டக்காரர்களே அதைப் போட்டு ஓடுகிறார்கள். பாட்டி பால்மர நிரைக்குப் போட்டுப்போனதைப் பேத்தி மலைக்குப் போட்டுப் போகட்டும்.

மலைக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்தை நானே சொல்கிறேன். மாதம் ஒரு முறை மலை ஏறுவது உடற்பயிற்சியே ஆகாது. வாரம் 3 நாள் வேண்டும் என்று மேலே எழுதியது நானேதான். என் திட்டத்தின் உயிர் அந்த வாரப் பிற்பகலில் இருக்கிறது. பள்ளியின் மாடிப்படிகளில், புத்தகப்பையில் கொஞ்சம் கனம் வைத்து, ஏறி இறங்குவது. பள்ளிகளில் நடக்கும் செகாக் உடற்தகுதிச் சோதனைக்கு வைத்திருக்கும் பலகையில் ஏறி இறங்குவது. குந்தி எழுவது, தண்டால், கயிறு தாண்டுவது. குதிப்பும் இறக்கமும் எலும்புக்கு நல்லது. கீழே இறங்கும்போது முழங்காலை எப்படி மடக்கி வைப்பது என்று படியிலேயே கற்றுக்கொள்ளலாம். மற்ற இரண்டு நாள் வீட்டிலோ தோட்டத்திலோ அதையே சிறிய அளவில் செய்யச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 2 முறை நடக்கும் செகாக் சோதனைக்காக மட்டும் இதைச் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மனமுவந்து செய்யாது. சோதனை முடிந்த மறுநாள் விட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் தோழிகளோடு லம்பாக் உச்சி காத்திருக்கிறது என்றால் படி ஏறுவாள். வலைப்பந்து அணியில் ஆடுபவளும் இந்தப் பிற்பகலுக்கு வரட்டும். அவள் முழங்காலுக்கும் இதுதான் காப்பு.

நாள் விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. தனியார் வேலையில் இருக்கும் பெற்றோரில் பலருக்கு ஞாயிறுதான் ஓய்வு. முன்பு அவர்கள் வீட்டில் இருந்த நாளில் பிள்ளை பள்ளியில் இருந்தாள். இப்போது ஞாயிறு காலை அம்மாவும் மகளும் சேர்ந்தே மலை ஏறலாம். பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர் என்று வைத்தால் ஆசிரியைகள் மட்டும் போதாது. பெற்றோர் வந்தே தீர வேண்டும். அப்பாக்களும் வரலாம், ஆனால் ஒவ்வொரு குழுவிலும் கட்டாயம் ஒரு பெண் இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் ஊரில் இடி பிற்பகலில் வரும். ஆகவே மலை காலையில்தான், நண்பகலுக்குள் அனைவரும் அடிவாரத்தில் இருக்க வேண்டும். மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் திறந்தவெளியை விட்டு உள்ளே போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த விதி மலைக்கு மட்டுமல்ல, பள்ளித் திடலுக்கும் பொருந்தும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை கிடையாது. 3 நாள் தொடர்ந்து வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை வெப்ப வானிலை எச்சரிக்கையின் முதல் நிலையை அறிவிக்கும். அப்போதும் வீட்டில் இருப்போம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்து வர வேண்டும்.

தண்ணீர் என்றதும் நம் பிள்ளைகள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. மலைப்பாதையில் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமல் வெயில் காலத்தில் ஏறினால் பாதி வழியில் தலை சுற்றும். ஏறும் முன் அடிவாரத்தில் எல்லோரும் ஒரு முறை போய்வர நேரம் ஒதுக்க வேண்டும்; வழியில் தேவைப்பட்டால் துணைக்குப் போக ஓர் அம்மா இருக்கிறார் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நாளில் ஒருத்தி வர விரும்பினால் வரட்டும், வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பெண் துணையாளரின் பையிலும் நாப்கினும் மாற்று உடையும் இருக்க வேண்டும். இதைப் பேச வெட்கப்பட்டுத்தான் நம் வீடுகளில் "அந்த மூன்று நாள்" என்று சொல்லியே பிள்ளைகளை விளையாட்டிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இரத்தச் சோகையும் அப்படித்தான். எப்போதும் களைப்பாக இருக்கிறாள், சோம்பேறி என்று நாம் திட்டும் பிள்ளையின் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது சோகை. முதல் மலையேற்றத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் அரசுச் சுகாதார நிலையத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். கூடவே, சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையும் நெத்திலியும் வாங்குவது நமக்குப் புதிதில்லை.

புறப்பாட நடவடிக்கைப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு: சாரணியர் போன்ற சீருடை இயக்கத்தின் கீழ் மலையேற்றத்தைப் பதிவு செய்யலாம். 'அனுகெரா ரெமாஜா பெர்டானா' என்ற இளைஞர் விருதும் இருக்கிறது. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்ற அதன் பிரிவுகளில் கடைசி இரண்டுக்கும் நம் திட்டமே பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும். வெண்கல விருதுக்கு 2 பகல் 1 இரவுப் பயணம் வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம். இரவு தங்குவது என்றால் பெற்றோரின் நம்பிக்கையை முதலில் சம்பாதிக்க வேண்டும்.

ஆக நான் முன்வைப்பது இது. வாரப் பிற்பகல் படிப்பயிற்சிக்கு. மழை பெய்தால் அன்று மண்டபத்தில் சிலம்பம், ஆசான் கிடைக்கும் நாள்களில். முதல் மாதம் மலையே வேண்டாம். இரண்டாம் மாதம் பாதி மலை ஏறித் திரும்புவது. உச்சி மூன்றாம் மாதம். நோன்பு மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் மலையை நிறுத்திவிட்டுப் படிகளோடு இருப்போம். வனப்பூங்காவுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுவதற்கு முன்பே வேன் ஓட்டுநர்களிடம் ஞாயிறு காலைக்குப் பேசி முடிக்க வேண்டும். ரெங்கம் பக்கத்து வேன் வர மறுத்தால் அந்தச் சாலைப் பிள்ளைகளை ஏற்றிவர எந்தப் பெற்றோரிடம் கார் இருக்கிறது என்ற பட்டியல் அடுத்த கூட்டத்துக்குள் தயாராக வேண்டும். பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் காரில் நான்கு பிள்ளைகள் உட்காரலாம்.